கதவு தட்டினா மாத்திக்கணும்

இந்த ஃபேன் எத்தன நாளா இப்படிக் கத்துது டீச்சர்? ரெண்டு மாசமாவா? ரெண்டு மாசமா இதுக்கு அடியில நின்னு பாடம் நடத்துறீங்கன்னா உங்க காதைத்தான் பாராட்டணும். இல்ல இல்ல, நிறுத்தாதீங்க, ஓடட்டும். நின்னுட்டா நாம பேசுறது வெளிய விளையாடுற பிள்ளைங்களுக்குக் கேக்கும். பெருசா ஒண்ணுமில்ல, மேல் பேரிங் தேஞ்சு போயிருக்கு. றெக்கை ஒண்ணு லேசா வளைஞ்சிருக்கு, எவனோ பந்தை எறிஞ்சிருக்கான். உள்ள சுத்தியிருக்கற கம்பி, காயில், இன்னும் கருகல. கருகியிருந்தா ஒரு வாடை வரும். அந்த வாடை எனக்குத் தூக்கத்துலகூடத் தெரியும்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? உக்காந்துக்கலாமா? நாற்காலி வேணாம், இந்தக் குட்டி பெஞ்சே போதும். முட்டி வந்து தாடையில இடிக்குது, பரவால்ல. எங்க பாப்பா இதுலதானே உக்காருவா? ஓ, கடைசி பெஞ்சுக்கு மாத்திட்டீங்களா. எப்போ? செவ்வாக்கிழமை. ம். அவங்கப்பா வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்.

ஆமா, நான்தான் அவ அம்மா. பெத்தவங்க கூட்டம்னா அவருதான் வருவாரு, அதனால என்னைப் பாத்திருக்க மாட்டீங்க. எனக்கு வீட்டுல வேலை ஒழியாது. பயப்படாதீங்க, சண்டைக்கு வரல. சண்டைன்னா வாசல்லேர்ந்தே ஆரம்பிச்சிருப்பேன், எங்க தெருவுல கேட்டுப் பாருங்க. மணி அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு? அரை மணியா? தாராளம். நீங்க டப்பாவத் தொறந்து சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க, நான் பாட்டுக்குப் பேசுறேன். என் வாய்க்கு எதிர்ல ஆளு இருந்தாப் போதும், பதில்கூட வேணாம்.

நோட்டை எடுத்துட்டு வந்திருக்கேன். இந்தப் பக்கம்தான். நீங்களே பாருங்க. வீட்டில் யார் என்ன செய்கிறார்கள், கோடிட்ட இடத்தை நிரப்புக. மேல படம் போட்டிருக்கு. அப்பா ஸ்டூல் மேல ஏறி பல்பு மாட்டுறாரு. அம்மா கீழ நின்னு ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து பாக்குறா. அந்த ஸ்டூலுக்கு நாலு காலும் நல்லாத்தான் இருக்கு, அதை எதுக்கு ஒருத்தி வேலையத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்? சரி, அது வரைஞ்சவரு பாடு. கீழ டேஷ் சமைக்கிறார். டேஷ் உடைந்ததைச் சரிசெய்கிறார். எங்க பாப்பா என்ன எழுதியிருக்கா? அப்பா சமைக்கிறார். அம்மா உடைந்ததைச் சரிசெய்கிறார். எழுத்தப் பாருங்களேன், ஒவ்வொண்ணும் குண்டு குண்டா, வரியை விட்டு ஒண்ணு இறங்கல. அதுக்கு மேல நீங்க சிவப்புல பெருக்கல் குறி போட்டிருக்கீங்க. ரெண்டுக்கும். இது திங்கக்கிழமை.

தெரியும் டீச்சர், விடைப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கும். உங்களைக் குத்தம் சொல்லல. முப்பது நோட்டு திருத்தணும், யாரு வீட்டுல யாரு கரண்டி பிடிக்கிறான்னு ஒவ்வொரு வீடாப் போயா பாக்க முடியும்?

ஆனா அவ விடல இல்ல? எந்திரிச்சு நின்னு, இல்ல டீச்சர், எங்க வீட்டுல அப்பாதான் சமைப்பாரு, அம்மாதான் ஃபேன் ரிப்பேர் பண்ணுவாங்கன்னு சொல்லியிருக்கா. பசங்க சிரிச்சிருக்காங்க. உங்கப்பாவுக்கு வளையல் வாங்கிக் குடுன்னு ஒருத்தன். கரண்டி மகளேன்னு இன்னொருத்தன். அந்தப் பேரு இப்ப நெலச்சுப் போச்சு, நான் உள்ள வர்றப்பகூட கொழாயடியில ஒருத்தன் கூப்பிட்டுக்கிட்டு இருந்தான். நீங்க அப்பாவக் கூட்டிட்டு வான்னு எழுதி அனுப்பினீங்க. கீழ அழகா ஒரு வரியும் எழுதியிருக்கீங்க. பொய் பேசக் கூடாது.

அதுக்குத்தான் வந்தேன் டீச்சர். அவ பொய் பேசல.

இல்ல, கிண்டல் பண்ணல. போன மாசம் உங்க வீட்டு மிக்ஸி எங்க கடைக்கு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? நீலக் கலரு. சுத்தும், ஆனா கரகரன்னு ஒரு சத்தம், நடுவுல நின்னு நின்னு போகும். பிரிச்சுப் பாத்தா அடியில ஒரு சின்ன ஸ்பூனோட காம்பு, பாதி. மீதி பாதிய நீங்க இன்னும் தேடிக்கிட்டு இருப்பீங்க. சிரிக்கிறீங்க பாத்தீங்களா, அப்ப சரிதான். கார்பன் ரெண்டும் தேஞ்சு போயிருந்துச்சு, மாத்தினேன். ஒயரு உரிஞ்சு கம்பி தெரிஞ்சுது, நீங்க கேக்கல, இருந்தாலும் சின்னப் பிள்ளைங்க இருக்கற வீடா இருக்கும்னு அதையும் மாத்தி டேப் சுத்தினேன். நல்ல கை உங்களுக்குன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னீங்களாம். வந்து சொன்னாரு. இந்தக் கைதான் டீச்சர் அது. இந்தாங்க, கட்டை விரலப் பாருங்க, கம்பி அறுத்த தழும்பு. அவரு கையிலயும் தழும்பு இருக்கும். அது எண்ணெய் தெறிச்சது.

எப்படின்னா, கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்காரரோட தாய்மாமா நடத்திக்கிட்டிருந்த ரிப்பேர் கடை இவரு கைக்கு வந்துச்சு. மாமாவுக்குக் கண்ணு மங்கிப் போச்சு, மருமகனக் கூப்பிட்டுச் சாவியக் குடுத்துட்டாரு. வேலை தெரியுமாடான்னு ஒரு வார்த்தை கேக்கல. ஆம்பளதானே, ஸ்க்ரூ முடுக்கத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சுட்டாரு. இவரும் அப்படியே நெனச்சுட்டாரு, அதுதான் வேடிக்கை. முதல் வாரத்துல மூணு மோட்டார எரிச்சாரு. மூணாவது எரிஞ்ச அன்னைக்கு வந்து அடுப்படியில உக்காந்து அழுதாரு. வெங்காயத்த எடுத்து வச்சு நறுக்கிக்கிட்டே அழுதாரு. யாராவது கேட்டா வெங்காயம்னு சொல்லிக்கலாம்ல.

நான் எங்க நின்னேங்கிறீங்க? அடுப்புகிட்ட, கரிஞ்ச சட்டியோட. எனக்குச் சமையல் வராது டீச்சர். எங்கம்மா எவ்வளவோ தலைகீழா நின்னு பாத்தாங்க, வரல. உப்பு போட்டேனா இல்லையான்னு மறந்துட்டு ரெண்டு தடவ போடுவேன். அவரு அழுதுக்கிட்டே நறுக்கின வெங்காயத்தப் பாத்தேன். அளவெடுத்து வெட்டின மாதிரி. அழுதுக்கிட்டே எந்திரிச்சு, என் கையிலேர்ந்து சட்டிய வாங்கி, என்னமோ பண்ணாரு. இத்தன வருஷத்துல அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்ல. எங்கங்க கத்துக்கிட்டீங்கன்னேன். கதவு இடுக்குலன்னாரு. சின்னப் பிள்ளையில அவங்கம்மா சமைக்கிறப்ப பக்கத்துல போயி நிப்பாராம். ஆம்பளப் பிள்ளைக்கு அடுப்படியில என்னடா வேலைன்னு கரண்டிக் காம்பால போடுவாங்களாம். அப்புறம் வெளிய நின்னு கதவு இடுக்கு வழியாப் பாத்தே கத்துக்கிட்டிருக்காரு.

நான் அந்த எரிஞ்ச ஃபேன் மோட்டாரப் பிரிச்சுப் பாக்கவான்னு கேட்டேன். உனக்கு என்ன தெரியும்னாரு. எண்ணத் தெரியும்னேன். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பசங்க பேட்டரியும் பல்பும் வச்சு சோதனை பண்ணுவாங்க, பொண்ணுங்க நாங்க அந்த ரூமக் கூட்டணும். ஒரு நாள் கூட்டுறப்ப நானும் ஒயர வச்சுப் பாத்தேன், பளிச்சுன்னு எரிஞ்சுது. சார் வந்து, வெளக்குமாத்தக் கீழ போட்டுட்டு என்னடி விளையாட்டுன்னாரு. பல்பு எரிஞ்சத அவரு பாக்கவே இல்ல. அவ்வளவுதான் டீச்சர் என் மின்சாரப் படிப்பு.

கருகின கம்பியை ஒவ்வொரு சுத்தா அவுத்தேன், எண்ணிக்கிட்டே அவுத்தேன். எத்தன சுத்தோ அத்தன சுத்து புதுக் கம்பியில சுத்தணும். இழுத்துப் பிடிக்கணும், அறுந்துடக் கூடாது. ஜடை பின்னுறவளுக்கு இது ஒரு வேலையா? முதல்ல சுத்தினது டப்புன்னு ஃபியூஸ எடுத்துக்கிட்டுப் போச்சு. ரெண்டாவது பின்னாடிப் பக்கமாச் சுத்துச்சு. மூணாவது ஓடுச்சு. ரெண்டு பேரும் அந்த ஃபேனுக்கு அடியில படுத்துக்கிட்டு சின்னப் பிள்ளைங்க மாதிரி சிரிச்சோம். அன்னைக்குத்தான் சொன்னாரு, ஒரு நாள் கடை போர்டுல உன் பேரையும் எழுதுவேன்னு.

அப்புறம் என்ன. அவரு கடையில உக்காந்து பொருள வாங்கி வீட்டுக்குக் கொண்டு வருவாரு. நான் சரி பண்ணுவேன். அவரு சமைப்பாரு, துவைப்பாரு, பாப்பாவுக்குத் தலை வாரி விடுவாரு. துணியக் காயப் போடுறது மட்டும் நான். அது வெளிய தெரியுமே. மனசுக்கு ஒரு குறையும் இல்ல டீச்சர். யாருக்கு எது வருதோ அதச் செஞ்சோம். ஆனா கதவு சாத்தியிருக்கணும்.

கதவு தட்டினா மாத்திக்கணும். அதான் எங்க வீட்டுச் சட்டம். தட்டுற சத்தம் கேட்டதும் அவரு கையில இருக்கற கரண்டி எனக்கு வரணும், என் கையில இருக்கற திருப்புளி அவருக்குப் போகணும். நான் அடுப்புகிட்ட, அவரு மேஜைகிட்ட. பாப்பாவுக்கும் ஒரு வேலை இருக்கு. அவதான் கதவுகிட்டப் போவா. போனதும் தாழ்ப்பாளத் தொறந்துடக் கூடாது. யாருன்னு கேக்கணும். காது கேக்காத மாதிரி இன்னொரு தடவ யாருன்னு கேக்கணும். அதுக்குள்ள நாங்க ரெடியாகிடுவோம். மூணு வயசுலேர்ந்து பண்ணுறா, ஒரு நாளும் தப்பினதில்ல. ஒரு தடவ நான் அவசரத்துல ஈயம் உருக்கிப் பத்தவைக்கிற சால்டரிங் கம்பிய, சூடான முனை அவரு பக்கம் இருக்கற மாதிரி திருப்பிக் குடுத்துட்டேன். வெளிய தபால்காரரு. இவரு அதைப் பிடிச்சுக்கிட்டு, வாங்க சார், வாங்க சார்னு கண்ணுல தண்ணியோட சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அன்னைக்குப் பூரா பாப்பா அத நடிச்சுக் காட்டிக்கிட்டே இருந்தா. அவளுக்கு அது விளையாட்டு டீச்சர். எதுக்கு மாத்திக்கிறோம்னு நாங்க சொன்னதே இல்ல. சொல்லியிருக்கணும். என்னன்னு சொல்றது?

எங்க மாமியாரு பக்கத்துத் தெருவுல மூத்த மகன் வீட்டுல இருக்காங்க. வாரம் ஒரு நாள் வருவாங்க. வந்து சாப்பிட்டுட்டு, என் கைப்பக்குவத்த அப்படியே பிடிச்சுக்கிட்டியேடின்னு என் கன்னத்தத் தட்டுவாங்க. எல்லாம் உங்க ஆசீர்வாதம் அத்தைன்னு நான் தலையக் குனிஞ்சுக்குவேன். அவருக்கு அந்த நேரம் பாத்து இருமல் வரும். கடைக்கு ஆளு வந்தா அவரு முறை. என்னைக் காட்டி, இவளுக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாதுங்கம்பாரு. நான் முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டுச் சிரிப்பேன். ஆட்டத்துல அப்படித்தான் பேசணும். ஆளு போனதும் உள்ள வந்து காதப் பிடிச்சுக்கிட்டுத் தோப்புக்கரணம் போடுவாரு. நல்ல மனுஷன் டீச்சர். அதத்தான் என்னால தாங்க முடியல. கெட்டவனா இருந்தா திட்டிட்டுப் போயிடலாம்.

போன வருஷம் போர்டு வந்துச்சு. பச்சையில மஞ்சள் எழுத்து. அவரு பேரு, பக்கத்துல அண்டு சன்ஸ். பெத்தது ஒத்தப் பொண்ணு, எங்கேர்ந்து வந்தாங்க சன்ஸுன்னு கேட்டேன். அப்படிப் போட்டாத்தான் கடைக்கு ஒரு கெத்துன்னு போர்டு எழுதுறவரு சொன்னாராம். பாப்பா எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, சன்ஸுன்னா யாருப்பான்னு கேட்டா. சும்மா அழகுக்குடா கண்ணுன்னாரு. நானும் சிரிச்சேன். பிறக்காத பசங்களுக்கு இடம் இருக்கு, எனக்கும் அவளுக்கும் இல்ல. அன்னைக்கே கேட்டிருக்கணும். வாய்ல ஸ்க்ரூவ வச்சுக்கிட்டு இருந்தேன், கேக்கல. நெசமாத்தான் சொல்றேன், வேலை செய்யறப்ப ஸ்க்ரூவ எல்லாம் வாயிலதான் வச்சுக்குவேன்.

இந்த செவ்வாக்கிழமை அவரு இங்க வந்தாரு. நான் அனுப்பினேன் டீச்சர். காலையில சட்டை பட்டன் போட்டுக்கிட்டு இருந்தப்ப சொன்னேன், எப்படியாவது பேசி முடிச்சுட்டு வாங்க, பிள்ளைக்குக் கஷ்டம் வராமப் பாத்துக்கங்கன்னு. பேசுறதுல கெட்டிக்காரரு, எதையாவது சிரிச்சுச் சமாளிப்பாருன்னு நெனச்சேன். சின்னப் பிள்ளை எழுத்து மாறிப் போச்சுங்க, அப்படி இப்படின்னு.

என்ன சொன்னாருன்னு உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க. இவ வாயத் தொறந்தா கதைதாங்க, பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது, நல்லா நாலு போடுங்கன்னு சொன்னாரு. சரி, அதுகூட ஆட்டம்னு விட்டுடலாம். அப்புறம் அவள முன்னாடி கூப்பிட்டு நிறுத்தி, நான் பொய் சொன்னேன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுன்னு சொன்னாரு இல்ல? அவ சொல்லலையாம். அவரு முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாளாம். கண்ணடிப்பாருன்னு பாத்திருப்பா டீச்சர். வீட்டுல ஆளு இருக்கறப்ப அவரு அவளுக்கு மட்டும் தெரியற மாதிரி ஒரு கண்ணடிப்பாரு. ஆட்டம்னு அர்த்தம். அன்னைக்கு அடிக்கல. மூணாவது தடவ சொன்னப்புறம்தான் வாயத் தொறந்தா. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை எங்கிட்ட வந்து சொல்லுச்சு. மெதுவாச் சொன்னான்னு அவரு இன்னொரு தடவ சொல்லச் சொன்னாராமே?

ஆமாவா. ம்.

இல்ல, நான் அழல. இந்த ஃபேன் தூசிய இறக்குது.

ஏண்டி டீச்சர்கிட்ட போயி சொன்னேன்னு கேட்டதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? டீச்சர் கதவு தட்டலையேம்மா, கேள்விதானே கேட்டாங்கன்னா. 

இப்ப ரெண்டு நாளா புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கா. என்ன கேட்டாலும் என் மூஞ்சியப் பாத்து, எதம்மா சொல்லணும்னு கேக்குறா. பசிக்குதாடின்னா, எதம்மா சொல்லணும்? தலை வலிக்குதாடி? எதச் சொல்லணும்? நேத்து ஒரு மோட்டார ஓட விட்டுட்டு, பாப்பா, சத்தம் எப்படி இருக்கு சொல்லுன்னேன். முன்னெல்லாம் சத்தத்தக் கேட்டதுமே, கண்டென்சர் போயிடுச்சும்மாம்பா. என்னைவிடக் காது அவளுக்கு. நேத்து மேஜை விளிம்பத் தடவிக்கிட்டே நிக்கிறா. நல்லா இருக்குன்னு சொல்லணுமா, கெட்டுப் போச்சுன்னு சொல்லணுமான்னு கேக்குறா. ஏழு வயசுப் பிள்ளை. இங்கயும் அப்படித்தான் கேக்குறாளா? ரெண்டும் ரெண்டும் எத்தனைன்னு கேட்டதுக்கா? அடக் கடவுளே.

அதான் நேத்து காலையில அவர ஒரு பிடி பிடிச்சேன். கதவ சாத்திட்டுத்தான், வேற எப்படி? பாப்பாவ இங்க விட்டுட்டு வந்ததும் தாழ்ப்பாளப் போட்டேன். என்னை நூறு தடவ விட்டுக் குடுங்க, சகிச்சுக்கறேன், நான் வளந்தவ, ஆட்டம் தெரிஞ்சவ. அவள எப்படிங்க விட்டுக் குடுத்தீங்கன்னேன். இந்த வீட்டுக்குள்ள நடக்கறதுக்கு நம்மளத் தவிர ஒருத்தர் சாட்சின்னா அவ ஒருத்திதானே, அவள இழுத்துட்டுப் போயி பொய்க்காரின்னு முத்திரை குத்திட்டு வந்திருக்கீங்களேன்னேன். போர்டு, பல்பு மாட்டத் தெரியாதுன்னது, பிறக்காத சன்ஸு, எல்லாத்தையும் எடுத்து வச்சுக் கேட்டேன். வாய்ல நேத்து ஸ்க்ரூ இல்ல.

 அவரு அடுப்ப அணைச்சாரு. கைய நல்லாத் துடைச்சாரு. நீ திங்கக்கிழமை சொன்னதத்தானே நான் செவ்வாக்கிழமை சொன்னேன்னாரு.

சொன்னது சரிதான்.

திங்கக்கிழமை அத்தை வந்திருந்தாங்க. முன் ரூம்ல உக்காந்து என் சமையலப் பாராட்டிக்கிட்டு இருந்தாங்க. பாப்பா பையக்கூடக் கழட்டாம இந்த நோட்டத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா. கதவு தொறந்துதான் இருந்துச்சு, யாரும் தட்டல. அம்மா, யாரு சமைப்பாங்கன்னு டீச்சருக்குத் தெரியலம்மா, பசங்க எல்லாம் சிரிக்கிறாங்கம்மா, நீ வந்து சொல்லும்மான்னா. அத்தை கையில இருந்த டம்ளர் அப்படியே நின்னுச்சு. என்னடி சொல்றா உன் பொண்ணுன்னாங்க. நான் ஒண்ணும் யோசிக்கல டீச்சர், கை அதுவாப் போச்சு. பளார்னு ஒண்ணு வச்சேன். பொய் சொல்லுவியா, பொய் சொல்லுவியான்னு கேட்டு இன்னொண்ணு. இந்தக் கைதான். அவ அழல. அத்தைகிட்ட, இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எங்கேர்ந்து வருதோ இதெல்லாம்னு சொல்லிட்டு, இன்னும் கொஞ்சம் போடவா அத்தைன்னு கேட்டேன். அவங்க சாப்பிட்டாங்க.

மார்க்கு வேணாம் டீச்சர். சிவப்ப அடிச்சுட்டு சரின்னு போட்டாலும் அவ அத எடுத்துட்டு வந்து, இப்ப எதச் சொல்லணும்னு எங்கிட்டத்தான் கேப்பா.

இன்னைக்குக் காலையில குளிப்பாட்டறப்ப சொல்லிப் பாத்தேன். தப்பு என்மேலதான் பாப்பா, நீ எழுதினது சரி, அம்மாதான் பொய் சொன்னேன்னு சொன்னேன். சோப்பு நுரையோட என்னை நிமிந்து பாத்தா. கோபம்கூட இல்ல. கதவு சாத்தியிருக்குல்லம்மா, அதான் நீ இப்படிச் சொல்றேன்னா.

அவருகிட்ட சொல்லிட்டு வரல. சொன்னா வாசல்ல குறுக்க நிப்பாரு. இங்க சொன்னப்புறம் கடைக்கு நாளைக்கு ஆளு வருமா வராதான்னு எனக்குத் தெரியாது, சாயங்காலத்துக்குள்ள அத்தை காதுக்குப் போயிடும், அது நல்லாத் தெரியும். அவங்களும் பாவம், மகன் கையால இத்தன வருஷம் சாப்பிட்டது இன்னைக்குத்தான் தெரியப் போகுது. எல்லாத்தையும் வர்ற வழியில யோசிச்சுட்டேன். மணி அடிக்குது பாருங்க. பிள்ளைங்க வரட்டும், எல்லாரும் வந்து உக்காரட்டும். பாப்பாவ முன்னாடி பெஞ்சுக்கு வரச் சொல்லுங்க. அப்புறம் என்னை எழுப்பி நிக்க வச்சு, நோட்டுல இருக்கற அந்தக் கேள்விய எல்லாருக்கும் கேக்கற மாதிரி எங்கிட்டக் கேளுங்க டீச்சர்.